ஆறு நாளில் காலி செய்த வீடு: 1942இல் அமெரிக்க ஜப்பானியக் குடும்பங்களுக்கு நடந்தது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்களை, வீடு வாசல், நிலபுலன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரச்சொல்லி முள்வேலிக்குள் அடைத்தது அந்த நாட்டு அரசு. இந்தப் பேச்சை எடுத்தால் தமிழ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லா ஊரையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் பெயின்பிரிட்ஜ் என்ற ஒரு சின்னத் தீவைப் பிடித்துக்கொண்டு போகிறேன். தேவைப்படும்போது மட்டும் வெளியே போய்விட்டுத் திரும்பலாம்.

முதலில், நடந்தது என்ன?

1941 டிசம்பர் 7ஆம் தேதி ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. அன்று இரவே எஃப்.பி.ஐ. ஆட்கள் ஜப்பானியர் வீடுகளுக்கு வரத் தொடங்கினார்கள். சங்கத் தலைவர்கள், பௌத்தக் குருமார்கள், ஜப்பானிய மொழிப் பள்ளி ஆசிரியர்கள் என்று பட்டியல் முன்பே தயாராக இருந்தது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் நிர்வாக ஆணை 9066இல் கையெழுத்திட்டார். அந்த ஆணையில் 'ஜப்பானியர்' என்ற சொல்லே கிடையாது. ராணுவத் தளபதி எந்தப் பகுதியிலிருந்தும் எவரையும் விலக்கி வைக்கலாம் என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தது. யார்மீது அதைப் பிரயோகிப்பது என்பதை மேற்குக் கரைத் தளபதி ஜான் டெவிட் முடிவு செய்தார். கலிபோர்னியாவிலிருந்தும், வாஷிங்டன், ஓரிகன், அரிசோனா மாநிலங்களின் சில பகுதிகளிலிருந்தும் சுமார் 1,20,000 பேர் அகற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

ஏன் பெயின்பிரிட்ஜ் தீவு?

முதல் அடி விழுந்தது அங்கேதான். சியாட்டில் நகரத்திலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம். தீவைக் கடந்து போனால் பிரெமர்ட்டன் கடற்படைக் கப்பல் பட்டறை. தீவின் தென்கோடியில் கடற்படையின் வானொலி நிலையம். இந்த இரண்டையும் காரணம் காட்டி 1942 மார்ச் 24 அன்று 'பொதுமக்கள் விலக்கு ஆணை எண் 1' தீவில் ஒட்டப்பட்டது. மார்ச் 30 நண்பகலுக்குள் ஜப்பானிய வம்சாவளியினர் ஒருவர்கூட அங்கே இருக்கக் கூடாது. ஆறே நாள். அன்று கிளம்பியவர்கள் 227 பேர்.

அந்த ஆணைத்தாளில் ஒரு சொற்றொடர் உண்டு. 'அயல்நாட்டினர், அயல்நாட்டினர் அல்லாதோர் ஆகிய ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும்' என்று வரும். அயல்நாட்டினர் அல்லாதவர் என்றால் யார்? சொந்த நாட்டுக் குடிமகன்தானே? 'குடிமகன்' என்று எழுதக் கை வராமல் சுற்றிவளைத்து எழுதியிருக்கிறார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு ஆற மாட்டாத கோபம் வரும் இடம் அந்த ஒரு சொல்தான்.

அந்த ஆறு நாளில் ஒரு குடும்பம் என்னதான் செய்ய முடியும்?

முதலில் குடும்பத்திலிருந்து ஒருவர் போய்ப் பெயர் பதிய வேண்டும். பதிந்தால் குடும்பத்துக்கு ஓர் எண் தருவார்கள். அதற்குப் பிறகு பெயரைவிட எண்தான் முக்கியம். அந்த எண் எழுதிய அட்டையை ஒவ்வொரு பெட்டியிலும் கட்ட வேண்டும். குழந்தை உட்பட ஒவ்வொருவர் சட்டையிலும் கட்டிக்கொள்ள வேண்டும்.

கையில் தூக்க முடிந்தது மட்டும்தான் சாமான். படுக்கை, துணிமணி, ஆளுக்கொரு தட்டு, கிண்ணம், கரண்டி எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். கைக்குழந்தை இருந்தால் ஒரு கை குழந்தைக்குப் போய்விடும், ஒரு பெட்டிக்குத்தான் கை மிச்சம். நாய் பூனைக்கு அனுமதி இல்லை.

பல வீடுகளில் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாளிலிருந்தே அடுப்பு வேறு வேலை செய்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து தாத்தா எழுதிய கடிதம், கிமோனோ உடுத்த பொம்மை, குடும்பப் புகைப்படம், ஜப்பானிய எழுத்து உள்ள எந்தக் காகிதமும் சந்தேகத்துக்கு வழிவைக்கும் என்று பயந்து அவர்களே எரித்துவிட்டார்கள். வானொலிப் பெட்டி, கேமரா, வேட்டைத் துப்பாக்கி எல்லாம் பறிமுதல்.

தீவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஸ்ட்ராபெரிதான் பிழைப்பு. அங்கே பழம் பறிப்பது ஜூன் மாதம். மார்ச் கடைசி என்றால் செடிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து, கடனும் வாங்கிப் போட்டு, அறுவடைக்குக் காத்திருக்கும் நேரம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலை விட்டுப் போ என்றால் எப்படி இருக்கும் என்று நம் ஊர் விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. பல குடும்பங்கள் தங்களிடம் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களிடம் தோட்டத்தை ஒப்படைத்துவிட்டுப் போயின. அந்த நேரம் ஜப்பான் ராணுவம் பிலிப்பைன்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. தங்கள் தாய்நாட்டின்மீது குண்டு போடும் தேசத்தின் வம்சாவளியினருக்காக அந்தத் தொழிலாளர்கள் தோட்டத்தைக் காத்தார்கள்.

மார்ச் 30 அன்று எடுத்த ஒரு புகைப்படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. நல்ல கோட்டும் தொப்பியும் அணிந்த இளம் தாய், தோளில் தூங்கும் பெண் குழந்தை, கோட்டில் தொங்கும் எண் அட்டை. எல்லோரும் இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், தேவாலயத்துக்கோ கல்யாணத்துக்கோ போவதுபோல. துப்பாக்கியில் கத்தி செருகிய சிப்பாய்கள் இருபுறமும் வர, ஈகிள்டேல் படகுத்துறைக்கு இறங்கும் சரிவில் நடந்தார்கள். சிப்பாய்களில் சிலர் பெட்டிகளையும் குழந்தைகளையும் வாங்கித் தூக்கிக்கொண்டார்கள், சிலர் அழுதார்கள். 'கெஹ்லோகன்' என்ற படகு சியாட்டிலுக்கு. அங்கிருந்து திரைகள் இழுத்துவிடப்பட்ட ரயிலில் கலிபோர்னியாவின் பாலைவனப் பக்கம்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டெர்மினல் தீவில் வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்கு இந்த ஆறு நாள்கூடக் கிடைக்கவில்லை. பிப்ரவரி கடைசியில் கடற்படை வந்து 48 மணி நேரம் கெடு வைத்தது. ஆண்களில் பலரை முன்பே கைது செய்து கொண்டுபோய்விட்டதால் பெண்களே தனியாக வீட்டைக் காலி செய்தார்கள். பழைய சாமான் வாங்குபவர்கள் வாசலிலேயே நின்று, ஐஸ்பெட்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் கொசுறு விலை பேசினார்கள். பிறகு அந்தக் குப்பத்தையே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

இதைப் 'பாதுகாப்புக்காக இடம் மாற்றினார்கள்' என்றுதானே புத்தகங்களில் படித்தோம்?

அமெரிக்க அரசு அன்று பயன்படுத்திய சொல் 'எவாக்குவேஷன்'. இந்தச் சொல் நமக்கும் பழக்கம்தான். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டபோது சென்னை நகரமே காலியானது. என் பாட்டி கடைசிவரை 'எவாக்குவேஷன் சமயத்துல' என்றுதான் அந்த நாட்களைக் குறிப்பிடுவார். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கும்பகோணத்தில் தாய்மாமன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு, பயம் தெளிந்ததும் திரும்பி வந்து அதே பூட்டைத் திறந்தார்கள். அது எவாக்குவேஷன்.

அதே வசந்த காலத்தில் பெயின்பிரிட்ஜில் நடந்ததற்கும் அதே பெயரைச் சூட்டியது பெரிய மோசடி. முகாமின் காவற்கோபுரத்தில் நின்றவர்களின் துப்பாக்கி உள்நோக்கித் திரும்பியிருந்தது. அதனால்தான் இன்று அந்தச் சமூகத்தினர் பலரும் 'சிறைவைப்பு' என்ற சொல்லையே வலியுறுத்துகிறார்கள். நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

முகாம் எப்படி இருந்தது?

பெயின்பிரிட்ஜ் மக்கள் போய்ச் சேர்ந்த இடம் மன்சனார். சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கே, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில். அவர்கள் போனபோது கொட்டகைகளே கட்டி முடிந்தபாடில்லை. பிறகு அங்கே 10,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டார்கள்.

கொட்டகை என்றால் 100 அடி நீளம், 20 அடி அகலம். பச்சை மரப் பலகையின்மேல் தார்க்காகிதம். உள்ளே தடுத்து அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை உடனே கண்முன் வரும். இரும்புக் கட்டில், ஓர் எண்ணெய் அடுப்பு, உச்சியில் ஒரு குண்டு பல்பு. வந்த அன்று ஆளுக்கு ஒரு வெற்று உறையைக் கொடுத்து வைக்கோல் போரைக் காட்டினார்கள். திணித்துக்கொண்டு வந்து படுக்க வேண்டும். பச்சை மரம் காயக் காயப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடுக்கு விழுந்தது. காலையில் எழுந்தால் தலையணையில் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, மற்றதெல்லாம் புழுதியாக இருக்கும்.

பெண்கள் பல வருடம் கழித்தும் சொல்லக் கூசியது கழிப்பறை. நடுவே தடுப்பு இல்லாமல் பீங்கான்கள் வரிசையாக. நள்ளிரவுக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள் என்று காத்திருந்து போவார்கள். போனால் அதே எண்ணத்தில் இன்னும் நாலு பேர் நின்றிருப்பார்கள். சிலர் அட்டைப்பெட்டியைக் கையோடு கொண்டுபோய் மறைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு பொதுக்கூடத்தில், தட்டை ஏந்தி வரிசையில் நின்று. பிள்ளைகள் நண்பர்களோடு ஒரு மேஜை, அப்பா வேறெங்கோ, அம்மா கைக்குழந்தையோடு ஒரு மூலையில். ஒரே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பம் சில மாதத்தில் சிதறிப்போனது. வேலிக்கும் கோபுரத்துக்கும் அடுத்தபடியாக முகாம் செய்த கேடு இதுதான் என்று நினைக்கிறேன். நிலம் வாங்கி, வீடு கட்டி, பத்துப் பேருக்கு வேலை கொடுத்த தகப்பன், சம்பளப் பட்டியலில் மாதம் 12 டாலரோ 16 டாலரோ வாங்கும் ஆளாகிவிட்டார். மருத்துவராக இருந்தாலும் உச்ச வரம்பு 19 டாலர்.

அந்தக் கட்டாந்தரையிலும் அவர்கள் தோட்டம் போட்டார்கள், குளம் வெட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கல்லறைத் தோட்டத்தில் 1943இல் எழுப்பிய வெள்ளைத் தூண் இன்றும் நிற்கிறது. மறைந்தவர்களின் ஆன்மாவுக்கு ஆறுதல் தரும் தூண் என்று அதில் ஜப்பானிய எழுத்தில் பொறித்திருக்கிறது. மொத்தம் பத்து முகாம்கள். அவற்றுள் யூட்டா மாநிலத்து டோபாஸில் 1943 ஏப்ரலில், வேலியோரம் நடந்த 63 வயது ஜேம்ஸ் வகாசாவைக் காவலர் சுட்டுக் கொன்றார்.

முகாம்கள் தயாராகும்வரை பல்லாயிரம் பேரைக் குதிரைப் பந்தய மைதானங்களில் வைத்திருந்தார்கள். சான்டா அனிட்டா, டான்ஃபோரான் இரண்டும் அப்படி. லாயத்தின்மேல் சுண்ணாம்பு அடித்துக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். வெயில் ஏறினால் சாணி வாடை கிளம்பும்.

அவர்களில் யாராவது உளவு பார்த்தார்களா? சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லையா?

1980களில் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு ஆவணங்களை அலசிவிட்டுச் சொன்னது: மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் உளவோ நாசவேலையோ செய்ததாக ஒரு பதிவுகூட இல்லை. போருக்கு முன்பே, 1941 இலையுதிர் காலத்தில், ரூஸ்வெல்ட் அனுப்பிய கர்ட்டிஸ் மன்சன் என்பவரும் பெரும்பாலோர் விசுவாசமானவர்கள் என்றே அறிக்கை கொடுத்திருந்தார். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர்கூட ஒட்டுமொத்தமாக அகற்றுவது தேவையில்லை என்றார்.

தளபதி டெவிட்டின் தர்க்கமோ வேறு மாதிரி. இதுவரை நாசவேலை எதுவும் நடக்கவில்லை என்பதே இனி நடக்கப்போகிறது என்பதற்கு அறிகுறி என்று எழுதினார். இப்படி ஒரு வாதத்தை எதிர்த்து எந்தக் குடும்பம் தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்க முடியும்?

ஹவாயைப் பாருங்கள். குண்டு விழுந்த இடமே அதுதான். அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானியர். ஆனால் அங்கே ஒட்டுமொத்தமாக யாரையும் அகற்றவில்லை. தனித்தனியாகப் பிடித்து வைத்தவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. அவர்களை அகற்றினால் கரும்புத் தோட்டமும் துறைமுகமும் படுத்துவிடும். கலிபோர்னியாவில் கணக்கு நேர்மாறு. சலினாஸ் பகுதிக் காய்கறி விவசாயிகள் சங்கத்தின் பிரதிநிதி 1942இல் ஒரு வார இதழிடம் வெளிப்படையாகவே சொன்னார்: சுயநலத்துக்காக ஜப்பானியரை விரட்டப் பார்க்கிறோம் என்று எங்கள்மேல் பழி சொல்கிறார்கள், நேர்மையாகச் சொல்வதானால், ஆமாம்.

ஜெர்மானியர், இத்தாலியர்களையும் இப்படி அடைத்தார்களா?

சிலரைத் தனிநபர்களாகக் கைது செய்து விசாரித்து வைத்திருந்தார்கள். ஆனால் ஜெர்மானிய வம்சாவளியில் பிறந்தார் என்பதற்காக ஒரு மாநிலக் குடிமக்கள் முழுவதையும் பிள்ளைகுட்டியோடு அள்ளிக்கொண்டு போகவில்லை.

நிலம் யார் பெயரில் இருந்தது? திரும்பக் கிடைத்ததா?

முதல் தலைமுறையினரை 'இஸ்ஸெய்' என்பார்கள், அங்கேயே பிறந்த அடுத்த தலைமுறையை 'நிஸெய்'. இஸ்ஸெய்கள் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் குடியுரிமை பெற முடியாது. 1922இல் டகாவோ ஒசாவா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜப்பானியர் வெள்ளையர் இல்லை என்று சொல்லிக் குடியுரிமையை மறுத்தது. அடுத்த வருடமே இந்தியர் ஒருவருக்கும் அதே கதி: அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த். குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913இலும் வாஷிங்டன் 1921இலும் சட்டம் போட்டன. கலிபோர்னியாவில் அந்தச் சட்டம் பஞ்சாபி விவசாயிகளையும் அடித்தது. அதனால் குத்தகைக்கு எடுப்பது, பிள்ளைகள் பெயரில் வாங்குவது, தெரிந்த வெள்ளையர் பெயரில் வைப்பது என்று ஏதோ ஒரு வழியில்தான் நிலத்தில் கால் ஊன்றினார்கள். இப்படிப்பட்ட பிடிமானம் ஆறு நாள் கெடுவைத் தாங்குமா?

தாங்கிய சில இடங்கள் உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ளோரின் ஊரில் பாப் ஃப்ளெட்சர் என்ற விவசாய ஆய்வாளர் அரசு வேலையை விட்டுவிட்டு மூன்று ஜப்பானியக் குடும்பங்களின் திராட்சைத் தோட்டங்களைக் காத்தார். வரியும் கடனும் கட்டி, லாபத்தில் பாதியை அவர்கள் பெயரில் வங்கியில் போட்டுவைத்தார். ஊரார் அவரைத் தூற்றினார்கள். அவர் இருந்த கொட்டகைமேல் துப்பாக்கிச் சூடும் நடந்தது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஓர் ஆள் வாய்க்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் வேறு யாரோ. சாமான் வைத்த கிடங்கு உடைக்கப்பட்டிருக்கும்.

1948இல் நஷ்டஈட்டுச் சட்டம் ஒன்று வந்தது. மக்கள் கேட்டது ஏறத்தாழ 14.8 கோடி டாலர். அரசு கொடுத்தது 3.7 கோடி. ரசீது கேட்டார்கள். அடுப்பில் எரிந்துபோன காகிதத்துக்கு ரசீது எங்கே போவது?

யாருமே எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். பெயின்பிரிட்ஜில் உள்ளூர்ப் பத்திரிகை 'பெயின்பிரிட்ஜ் ரெவ்யூ'. அதை நடத்திய வால்ட், மில்லி உட்வர்ட் தம்பதி தொடக்கம் முதலே இது அநியாயம் என்று எழுதினார்கள். சந்தாக்கள் போயின, விளம்பரங்கள் போயின, அவர்கள் நிறுத்தவில்லை. அவர்கள் செய்த இன்னொன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முகாமுக்குப் போன தீவு இளைஞர்களையே நிருபர்களாக நியமித்து, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்குக் கல்யாணம், பேஸ்பால் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று வாரந்தோறும் செய்தி போட்டார்கள். அவர்கள் இன்னும் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று தீவுக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனவர்கள் கார்டன் ஹிராபயாஷி, மினோரு யாசுயி, ஃப்ரெட் கொரேமட்சு. மூவரும் தோற்றார்கள். 1944 டிசம்பர் 18 அன்று கொரேமட்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அரசு பக்கம் நின்றது. அதே நாளில் மிட்சுயே எண்டோ என்ற பெண்ணின் வழக்கில், விசுவாசமான குடிமகளைத் தடுத்து வைக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எண்டோவை முன்பே வெளியே விடுகிறோம், வழக்கை விட்டுவிடு என்று அரசு ஆசை காட்டியது. எல்லோருக்கும் வழி பிறக்கட்டும் என்று அவர் முள்வேலிக்குள்ளேயே காத்திருந்தார். கொரேமட்சுவைத் தெரிந்த அளவுக்கு எண்டோவை யாருக்கும் தெரியாதது வருத்தம்.

விசுவாசக் கேள்வித்தாள் என்கிறார்களே, அது என்ன?

1943 தொடக்கத்தில் முகாம்களில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கேள்வி 27: அமெரிக்கப் படையில் சேர்ந்து எங்கே அனுப்பினாலும் போரிடத் தயாரா? கேள்வி 28: ஜப்பானியப் பேரரசரிடம் உள்ள விசுவாசத்தைத் துறந்து அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் தெரிவிக்கிறாயா?

ஓர் இஸ்ஸெய் தகப்பன் 28க்கு 'ஆம்' என்றால், இருந்த ஒரே ஜப்பானியக் குடியுரிமையும் போய் நாடற்றவராகிவிடுவாரோ என்று பயம். அமெரிக்கா குடியுரிமை தராது. மகன் 'ஆம்' என்றால், இல்லாத விசுவாசத்தை இதுவரை வைத்திருந்ததாக ஒப்புக்கொள்வதுபோல. 'இல்லை' என்றால் துரோகி. அப்பா ஒன்று சொல்லி மகன் வேறொன்று சொன்னால் ஆளுக்கொரு முகாமுக்குப் பிரித்துவிடுவார்களோ என்ற கவலை வேறு. விளக்கை அணைத்த பிறகும் குடும்பங்கள் இதைப் பேசிப் பேசி அழுதன. இரண்டுக்கும் 'இல்லை' என்றவர்களும் அவர்கள் குடும்பங்களுமாக சுமார் 12,000 பேர் டூலி லேக் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். பிறகு பல பத்தாண்டு காலம் சொந்தச் சமூகமே அவர்களை ஒதுக்கி வைத்தது.

'ஆம்' என்ற இளைஞர்கள் பலர், ஜப்பானிய வம்சாவளியினருக்கென்று அமெரிக்க ராணுவம் அமைத்த 442ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார்கள். 1944 அக்டோபரில் பிரான்சின் வோஜ் மலைக்காட்டில் சிக்கிய டெக்சாஸ் சிப்பாய்கள் 211 பேரை மீட்க, இவர்களில் சுமார் 800 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அவர்களில் பலருடைய பெற்றோர் அப்போதும் வேலிக்குள்தான் இருந்தார்கள்.

ஜப்பான் ராணுவம் சயாம் ரயில் பாதையில் நம் ஆட்களைக் கொன்றதே. இவர்களுக்காக நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?

மலேசியத் தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோய்க் காலராவுக்கும் பட்டினிக்கும் பலி கொடுத்தது ஜப்பானிய ராணுவம். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை, அந்தக் குடும்பங்களுக்கு உரிய நியாயமும் கிடைக்கவில்லை.

ஆனால் பெயின்பிரிட்ஜில் ஸ்ட்ராபெரி பயிரிட்டவர் அந்த ராணுவத்தில் இல்லை. அவர் ஜப்பானை விட்டுக் கிளம்பி முப்பது நாற்பது வருடம் ஆகியிருந்தது. அவருடைய மகள் ஜப்பானைப் பார்த்ததே இல்லை. டோக்கியோவில் எடுத்த முடிவுக்கு அந்தப் பெண்ணின் கோட்டில் அட்டை தொங்கியது. முகம் ஒன்றுபோல இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. முகத்தையும் பெயரையும் வைத்துப் பதிவு செய்யச் சொன்னதும், பிடித்துக்கொண்டு போனதும் தமிழருக்கும் நடந்திருக்கிறது. அந்த நினைவோடுதான் இதைப் படிக்கிறேன்.

நம் பக்கம் இப்படி நடந்ததுண்டா?

உண்டு. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த ஜப்பானியப் பொதுமக்களைப் பிரிட்டிஷ் அரசு பிடித்துவந்து டில்லி புராணா கிலாவிலும் பிறகு ராஜஸ்தானில் தேவ்லியிலும் அடைத்தது. அதே தேவ்லி முகாமுக்கு 1962 சீனப் போரின்போது சுதந்திர இந்தியா ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளி இந்தியர்களை அனுப்பியது. அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறையாக வாழ்ந்து, தச்சு வேலையும் சாப்பாட்டுக்கடையும் வைத்திருந்தவர்கள். சிலர் அங்கே பல வருடம் கிடந்தார்கள். அவர்களிடம் யாரும் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

கனடாவில்?

சுமார் 22,000 பேர். அங்கே அரசே வீடு, படகு, நிலம் எல்லாவற்றையும் அவர்கள் சம்மதமின்றி விற்றது. போர் முடிந்தும் 1949 ஏப்ரல் வரை மேற்குக் கரைக்குத் திரும்பவிடவில்லை. அமெரிக்காவைவிடக் கொடுமை என்றே சொல்வேன்.

எப்போது வெளியே விட்டார்கள்?

1945 ஜனவரி முதல் திரும்ப அனுமதி. கையில் 25 டாலர், ஒரு ரயில் சீட்டு. வயதானவர்கள் பலர் போக இடமில்லாமல் முகாமிலேயே இருக்கக் கேட்டார்கள். டூலி லேக் மூடப்பட்டது 1946 மார்ச்சில். பெயின்பிரிட்ஜ் குடும்பங்களில் பெரும்பாலானவை 1943இலேயே ஐடஹோவில் உள்ள மினிடோகாவுக்கு மாற்றப்பட்டிருந்தன. தீவுக்குப் பலர் திரும்பினார்கள். அண்டை வீட்டார் பாதுகாத்துக் கொடுத்த தோட்டங்கள் சிலருக்கு இருந்தன. மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் இது அபூர்வம்.

அரசு மன்னிப்புக் கேட்டதா?

கேட்டது, 46 வருடம் கழித்து. 'இன வெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி' ஆகியவையே காரணம் என்று விசாரணைக் குழு 1983இல் சொன்னது. 1988 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்று உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும் தலைக்கு 20,000 டாலரும் மன்னிப்புக் கடிதமும். 82,219 பேர் பெற்றார்கள். வீட்டை இழந்த இஸ்ஸெய் தலைமுறையில் பெரும்பாலோர் அதற்குள் போய்விட்டார்கள். 1990 அக்டோபரில் முதல் காசோலைகளை மூத்தவர்களுக்குக் கொடுத்தபோது, சக்கர நாற்காலியில் வந்த 107 வயதுப் பெரியவர் முன்னால் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் மண்டியிட்டுக் கொடுத்தார்.

இவ்வளவு நடந்தும் அவர்கள் ஏன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை?

'ஷிகதா கா நாய்' என்றார்கள்: வேறு வழியில்லை. 'கமான்' என்றார்கள்: பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள். எனக்கு அதோடு வெட்கமும் இருந்ததாகத் தோன்றுகிறது. தப்பு செய்யாதவன் சிறைக்குப் போய்வந்தால் அவனுக்குத்தான் தலை குனிகிறது. பேரப்பிள்ளைகள் வளர்ந்து, பள்ளிப் பாடத்தில் ஏதோ படித்துவிட்டு வந்து, 'தாத்தா, நீங்களும் அங்கே இருந்தீர்களா?' என்று கேட்ட பிறகுதான் பல வீடுகளில் முதல் பேச்சே தொடங்கியது.

நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

சியாட்டில் போனால் இரண்டு இடம். நகரத்தில் பனாமா ஹோட்டலின் நிலவறையில், 1942இல் 'வந்து எடுத்துக்கொள்கிறோம்' என்று குடும்பங்கள் வைத்துவிட்டுப் போன பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. தரையில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பார்க்கலாம்.

மற்றொன்று பெயின்பிரிட்ஜில், ஈகிள்டேல் படகுத்துறை இருந்த இடம். 'நிதோதோ நாய் யோனி', மறுபடி நடக்காதிருக்கட்டும் என்பது நினைவிடத்தின் பெயர். தேவதாரு மரச்சுவர் ஒன்று, 276 அடி நீளம். அன்று கிளம்பிய 227 பேரையும் சேர்த்து, தீவைச் சேர்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் 276 பேருக்கு ஆளுக்கு ஓர் அடி, குடும்பம் குடும்பமாகப் பெயர்களோடு. வருபவர்கள் காகிதக் கொக்குகளைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டுப் போகிறார்கள். சுவரை ஒட்டிய பாதை சரிந்து சரிந்து கடலை நோக்கி இறங்கும். அன்று அவர்கள் நடந்து போனதும் அந்தப் பக்கம்தான்.